மலையகத் தோட்டங்களில் பெண்ணின் கூலியும் உரிமையும்

இலங்கைத் தேயிலையின் வரலாறு பெரும்பாலும் தோட்டம் திறந்த வெள்ளைக்காரத் துரைமார், லண்டனிலும் கொழும்பிலும் இயங்கிய கம்பனிகள், ஏல விற்பனை விலைகள், பிற்காலத்துத் தொழிற்சங்கத் தலைவர்கள் ஆகியோரை நடுநாயகமாக வைத்தே எழுதப்பட்டு வந்துள்ளது. ஆயினும் நுவரெலியா, ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா, பொகவந்தலாவை முதலிய மலைச்சாரல்களில் அத்தொழிலை நாள்தோறும் இயக்கி வந்த அடிப்படை வேலையான கொழுந்து பறித்தல், ஏறத்தாழத் தொடக்கம் முதலே பெண்களின் பொறுப்பாக இருந்தது. தோட்டத்தின் வருமானம் அவர்களுடைய விரல்களில் தொடங்கியதென்றால், தோட்டத்துக் குடும்பத்தின் உணவும் பிள்ளைகளின் உயிரும்கூட அவர்களுடைய கூலியையும் நேரத்தையுமே நம்பியிருந்தன. ஆகவே அப்பெண்களின் கூலி, வாக்கு, மகப்பேறு, கல்வி ஆகியவற்றில் நேர்ந்த மாற்றங்களைப் பெண்களுக்கு மட்டும் உரிய செய்திகளாகக் கருத இயலாது. பெண்ணின் சுதந்திரமும் சமத்துவமும் ஒரு சமூகத்துக்கு என்ன பயன் தரும் என்னும் கேள்விக்கு மலையகத் தோட்டங்களின் வரலாறு தெளிவான விடை ஒன்றைத் தருகிறது: பெண்ணுக்கு உரிமை கிடைத்த அளவுக்கே அங்குச் சமூகம் முழுவதும் உயர்ந்தது, அது மறுக்கப்பட்ட காலங்களில் ஆணின் நிலையும் பிள்ளையின் நிலையும் சேர்ந்தே தாழ்ந்தன.

கோப்பியிலிருந்து தேயிலைக்கு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் கண்டிச் சீமையின் காடுகளை அழித்துக் கோப்பி பயிரிட்டபோது, தோட்டங்களுக்குத் தேவைப்பட்டது பருவகாலத்து உழைப்பே. கோப்பிப்பழம் பறிக்கும் சில மாதங்களுக்காகத் தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி, மதுரை, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து கங்காணிகள் ஆட்களைத் திரட்டி வந்தனர். கங்காணி என்பவர் ஊரில் முன்பணம் கொடுத்து ஆள் சேர்ப்பவராகவும், தோட்டத்தில் அந்த ஆட்களை மேய்ப்பவராகவும், துரைக்கும் தொழிலாளிக்கும் இடையே நிற்பவராகவும் ஒருங்கே விளங்கியவர். மன்னாரில் இறங்கி மாத்தளை வழியாக மலையேறிய அந்தக் கூட்டங்களில் ஆண்களே மிகுதியாக இருந்தனர். பருவம் முடிந்ததும் அவர்களில் பலர் ஊர் திரும்பினர். 1869ஆம் ஆண்டில் தென்பட்ட இலைத்துரு நோய் அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் கோப்பியைத் துடைத்தழித்தது. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னதாகவே, 1867இல், ஹேவாஹெட்டைப் பகுதியின் லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டிருந்தார். நூற்றாண்டு முடிவதற்குள் தேயிலை ஏறத்தாழ நான்கு லட்சம் ஏக்கருக்குப் பரவிவிட்டது.

பயிர் மாறியதோடு உழைப்பின் இயல்பும் மாறியது. தேயிலைச் செடி ஆண்டு முழுவதும் துளிர்விடுவது. ஏழெட்டு நாட்களுக்கு ஒருமுறை அதே மலைக்குத் திரும்பி வந்து இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளாவிட்டால் கொழுந்து முற்றிப் பயனற்றுப் போகும். ஆகவே வந்து போகும் ஆண்களுக்குப் பதிலாக, தோட்டத்திலேயே குடியிருந்து தலைமுறை தலைமுறையாக உழைக்கும் குடும்பங்களைத் தோட்ட நிருவாகம் நாடியது. கொழுந்து பறிப்பதற்குப் பெண்ணின் மெல்லிய விரல்களே ஏற்றவை என்ற காரணம் அப்போது சொல்லப்பட்டு, பின்னர் இயற்கை விதி போலவே நிலைபெற்றது. ஆனால் உண்மையான காரணம், பெண்ணுக்கும் பிள்ளைக்கும் குறைந்த கூலி கொடுத்தால் போதும் என்பதும், குடும்பம் ஓரிடத்தில் நிலைத்துவிட்டால் ஆணும் ஓடிப்போக மாட்டான் என்பதுமே. இவ்வாறு பெண்ணின் வருகை தோட்டத்தின் நிலைபேற்றுக்கு அடித்தளமாகவும், அவளுடைய மலிவான உழைப்பு தோட்டத்தின் இலாபத்துக்கு அடித்தளமாகவும் அமைந்தன.

பிரட்டுக்களமும் லயமும்

தோட்டத்துப் பெண்ணின் நாள் எவ்வாறு பகுக்கப்பட்டிருந்தது என்பதை அறியாமல், பிற்காலத்தில் அவள் பெற்ற உரிமைகளின் அளவை மதிப்பிட முடியாது. விடியுமுன் எழுந்து தண்ணீர் பிடித்து, விறகு மூட்டி, ரொட்டி தட்டி, பிள்ளைகளைப் பகல்நேரப் பராமரிப்புக் கொட்டகையாகிய பிள்ளைமடுவத்தில் ஒப்படைத்துவிட்டு, காலையில் தொழிலாளர்களைக் கூட்டி வேலை பிரித்துக் கொடுக்கும் இடமாகிய பிரட்டுக்களத்துக்கு அவள் வந்துசேர வேண்டும். அங்கிருந்து அன்றைய மலைக்குச் சென்று, இடுப்பில் படங்கு கட்டி, தலையிலிருந்து முதுகுப்புறமாகக் கூடையைத் தொங்கவிட்டு, தனக்கு ஒதுக்கப்பட்ட நிரையில் ஏறி இறங்கிப் பறித்த கொழுந்து ஒரு நாளில் இரண்டு அல்லது மூன்று முறை நிறுக்கப்படும். கூடையின் எடைக்கும், மழைநாளில் இலையில் தங்கிய நீருக்கும் என்று ஒவ்வொரு நிறுவையிலும் கழிவு உண்டு. குறித்த அளவு இறாத்தல் சேராவிட்டால் அன்றைய நாள் முழுநாளாகப் பதியப்படாது. பாதிக் கூலி மட்டும் விழும் அத்தகைய நாளைத் தோட்டத்தில் அரைப்பேர் என்று வழங்குவர்.

செடியைக் கத்தரிக்கும் கவ்வாத்து வெட்டுதல், வடிகால் தோண்டும் கான் வெட்டுதல், மண்ணைக் கிளறும் முள்ளுக்குத்துதல், மருந்தடித்தல் ஆகிய வேலைகள் ஆண்களுக்கு உரியனவாக வைக்கப்பட்டன. இவற்றில் பல, இவ்வளவு முடித்தால் போதும் என்ற கணக்கில் கொடுக்கப்பட்டதால், ஆண்களில் பலர் நண்பகலை ஒட்டியே வீடு திரும்ப முடிந்தது. மாலை நிறுவை முடியும் வரை மலையில் நின்ற பெண்ணோ, திரும்பி வந்ததும் மீண்டும் அடுப்புக்கும் குழாயடிக்கும் சென்றாள். குடியிருப்பும் அவளுக்கு ஓய்வு தரும் வகையில் அமையவில்லை. லயம் எனப்படும் நீண்ட வரிசைக் கட்டிடத்தில், ஏறத்தாழப் பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவுள்ள ஓர் அறையே ஒரு குடும்பத்தின் படுக்கையறையும் சமையலறையும் பிரசவ அறையுமாக இருந்தது. வேலைத்தலத்தில் கங்காணி, கணக்குப்பிள்ளை, துரை என்று மேலிருந்த அனைவரும் ஆண்கள். வீட்டில் தந்தை அல்லது கணவன். கோயில் கமிட்டியிலும் அவர்களே. ஒரே பெண்ணின் மீது வர்க்கம், இனம், சாதி, பால் என்னும் நான்கு வகை அதிகாரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருந்த இந்த அமைப்பையே, குமாரி ஜயவர்த்தனவும் ரேச்சல் குரியனும் 2015இல் வெளியிட்ட தங்கள் ஆய்வு நூலில் வர்க்கமும் தந்தைவழி ஆதிக்கமும் இனமும் பின்னிய பிணைப்பாக விரிவாக ஆராய்ந்துள்ளனர்.

54 சதமும் 43 சதமும்

1921ஆம் ஆண்டில் துண்டு முறை ஒழிக்கப்பட்டது. துண்டு என்பது, ஒரு தொழிலாளியின் கடனைச் செலுத்துபவருக்கு அவரை விட்டுக்கொடுப்பதாகத் தோட்டத்துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு. கடனோடு சேர்த்து ஆளும் தோட்டம் விட்டுத் தோட்டம் கைமாறுவதற்கு அது வழிசெய்தது. அதன் பின்னரே தோட்டத் தொழிலாளரின் கூலியைச் சட்டத்தால் வரையறுக்கும் எண்ணம் வலுப்பெற்று, இந்திய அரசின் வற்புறுத்தலும் சேர, 1927ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கக் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் பிறந்தது. அச்சட்டத்தின்படி 1929இல் நடைமுறைக்கு வந்த விகிதங்களில், உயர்ந்த மலைப்பகுதித் தோட்டங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், சிறுவருக்கு 32 சதம் என்று நிர்ணயிக்கப்பட்டது. கங்காணியின் விருப்பத்துக்கும் கடனுக்கும் விடப்பட்டிருந்த கூலி சட்டப் பாதுகாப்புப் பெற்றது பெரிய முன்னேற்றமே. எனினும் அதே சட்டம், பெண்ணின் ஒரு நாள் உழைப்பு ஆணின் உழைப்பில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கே பெறும் என்பதை அரசின் முத்திரையோடு உறுதிப்படுத்தியது.

இந்த வேறுபாட்டால் ஆண் தொழிலாளி பயனடைந்தார் என்று மேலோட்டமாகத் தோன்றலாம். ஆனால் கூட்டிப் பார்த்தால் நேர்மாறான முடிவே கிடைக்கும். தோட்டக் குடும்பத்தில் கணவன், மனைவி, வளர்ந்த மகள் என மூவர் உழைத்தால் அவர்களில் இருவர் குறைந்த கூலி பெற்றனர். கொழுந்து வேலை ஆண்டு முழுவதும் இருந்ததால் பெண்களுக்கே வேலைநாட்கள் அதிகம் கிடைத்தன. ஆகவே பெண்ணின் கூலியில் குறைத்த ஒவ்வொரு சதமும் குடும்பத்தின் அரிசியிலேயே குறைந்தது. பெண்ணை மலிவாக வைத்திருந்த நிருவாகம், அதன் மூலம் ஆணின் கூலியையும் ஏறவிடாமல் தடுக்க முடிந்தது. குடும்பம் முழுவதும் உழைத்தால்தான் வயிறு நிரம்பும் என்ற நிலையில் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தைவிட்டு மலைக்கு வந்தனர். 32 சதம் என்ற மூன்றாவது எண் சட்டத்தில் இடம்பெற்றதன் பொருள் அதுவே.

அக்காலத்தில் இதை உரக்கச் சொன்ன பெண்ணாக மீனாட்சியம்மாள் வரலாற்றில் நிற்கிறார். தஞ்சாவூர்ப் பகுதியிலிருந்து வந்து, தேசபக்தன் என்னும் பத்திரிகையை நடத்தி, 1931இல் தோட்டத் தொழிலாளருக்கென்று சங்கம் கண்ட கோ. நடேசய்யரின் மனைவியான அவர், துண்டுப் பிரசுரங்களாக அச்சிட்ட பாடல்களைத் தோட்டந்தோறும் தாமே பாடித் தொழிலாளரைத் திரட்டினார். இந்தியத் தொழிலாளர் துயரச் சிந்து என்ற அவரது நூல் அவ்வகையில் குறிப்பிடத்தக்கது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களே மிகுந்திருந்த சமூகத்தில் பாட்டு என்னும் வடிவத்தைத் தேர்ந்ததும், வெளியார் நுழைய முடியாதபடி அடைக்கப்பட்டிருந்த தோட்டங்களுக்குள் ஒரு பெண் பகிரங்கமாக நின்று பாடியதும் அன்றைய நிலையில் சாதாரணச் செயல்கள் அல்ல. 1939, 1940ஆம் ஆண்டுகளில் மலையகமெங்கும் வேலைநிறுத்தங்கள் பரவியபோது பெண்கள் திரளாகப் பங்குகொண்டனர். 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் கோவிந்தன் என்னும் தொழிலாளி சுட்டுக் கொல்லப்பட்ட நிகழ்ச்சி அந்த எழுச்சியின் அடையாளமாயிற்று. மகப்பேற்றுக் காலத்தில் கூலி இழக்கும் பெண்ணுக்கு உதவி வழங்கும் மகப்பேற்று நன்மைகள் சட்டமும் 1939இல் இயற்றப்பட்டது.

வாக்குரிமையும் அதன் இழப்பும்

தோட்டத்துப் பெண்ணின் அரசியல் உரிமை எழுந்த விதம் தனியாகக் கவனிக்கத்தக்கது. அரசியலமைப்புச் சீர்திருத்தத்தை ஆராயப் பிரித்தானிய அரசு அனுப்பிய டொனமூர் ஆணைக்குழு இலங்கைக்கு வந்த 1927ஆம் ஆண்டில் கொழும்பில் மகளிர் வாக்குரிமைச் சங்கம் தொடங்கப்பட்டது. அதில் இருந்தவர்கள் பெரும்பாலும் செல்வமும் ஆங்கிலக் கல்வியும் பெற்ற பெண்கள். அவர்களுடைய தூதுக்குழு ஆணைக்குழுவின்முன் சாட்சியம் அளித்தபோது, தோட்டங்களில் வேலை செய்யும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்கு வேண்டுமா என்று வினவப்பட்டது. அவர்களும் பெண்களே என்றும் எல்லாப் பெண்களுக்கும் வாக்கு வேண்டும் என்றும் அக்குழுவைச் சேர்ந்த அக்னஸ் டி சில்வா தயங்காமல் விடையளித்தார். அக்காலத்துத் தேசியத் தலைவர்களில் பலர் சொத்தும் கல்வியும் உள்ள ஆண்களுக்கே வாக்குரிமை போதும் என்று வாதிட்ட சூழலில், பெண்களின் உரிமைக் கோரிக்கையே சாதியையும் வர்க்கத்தையும் இனத்தையும் கடந்து சென்றது. 1931இல் ஆசியாவிலேயே முதன்முதலாக இலங்கையில் சர்வசன வாக்குரிமை நடைமுறைக்கு வந்தது. நிரந்தரக் குடியிருப்பை நிரூபிக்க வேண்டும் என்ற நிபந்தனைகள் தோட்டத் தொழிலாளரில் பெரும் பகுதியினரை வெளியே நிறுத்தியபோதிலும், கூலிப் பெண் ஒருத்தியின் வாக்கும் துரையின் வாக்கும் சம எடை பெறும் நிலை ஓரளவுக்கேனும் உண்டாயிற்று.

அந்த எடையின் பயன் விரைவில் தெரிந்தது. வாக்காளர் தொகை வளரவே அரச சபையிலும், பின்னர் 1947இல் பாராளுமன்றத்திலும் தோட்டத் தொழிலாளரின் பிரதிநிதிகள் அமர்ந்தனர். கூலி, குடியிருப்பு, மகப்பேறு ஆகியவை நாட்டின் சட்டசபையில் விவாதிக்கப்படும் பொருள்களாயின. அந்த வளர்ச்சியே எதிர்வினைக்கும் காரணமாயிற்று. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டமும் அதைத் தொடர்ந்து வந்த சட்டங்களும் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கி, வாக்குரிமையையும் பறித்தன. 1960இல் சிறிமாவோ பண்டாரநாயக்க உலகின் முதல் பெண் பிரதமரானபோது, அதே நாட்டின் ஏற்றுமதி வருவாயில் பாதிக்கும் மேலானதை ஈட்டித் தந்த தேயிலையைப் பறித்த பெண்களில் மிகப் பெரும்பாலோருக்குக் குடியுரிமை இல்லை. 1964ஆம் ஆண்டு அக்டோபரில் அவரும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி 5,25,000 பேர் இந்தியாவுக்கு அனுப்பப்படவும் 3,00,000 பேர் இலங்கைக் குடியுரிமை பெறவும் வேண்டியவராயினர். எஞ்சிய 1,50,000 பேரின் நிலை பத்தாண்டுகள் கழித்தே முடிவு செய்யப்பட்டது. ஒரு பெண் அதிகாரத்தின் உச்சிக்கு வருவதும் பெண்கள் உரிமை பெறுவதும் வெவ்வேறு செய்திகள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. நாடற்ற நிலைக்கு முற்றுப்புள்ளி வைத்த சட்டம் 2003இல்தான் நிறைவேறியது.

உரிமையற்ற இந்த இடைக்காலம் சமூகத்துக்கு இழைத்த கேட்டைப் பிள்ளைகளின் உயிரைக் கொண்டே அளக்கலாம். சுதந்திரத்துக்குப் பின் இலங்கை இலவசக் கல்வி, இலவச வைத்தியம், மானிய அரிசி ஆகியவற்றால் ஆயுளிலும் எழுத்தறிவிலும் ஏழை நாடுகளுக்கு முன்மாதிரியாகப் பேசப்பட்டது. அந்தச் செலவுகளுக்குத் தேயிலை மீது விதிக்கப்பட்ட வரிகள் பெரிதும் உதவின. கிராமத்துச் சிங்களப் பெண்ணும் யாழ்ப்பாணத்துத் தமிழ்ப் பெண்ணும் பள்ளிக்குச் சென்றதன் பயனாக அப்பகுதிகளில் குழந்தை இறப்பு வேகமாகக் குறைந்தது. தோட்டப் பள்ளிக்கூடங்களோ நெடுங்காலம் அரச கல்வி முறைக்கு வெளியே, ஒரே ஆசிரியரும் ஒரே அறையுமாகத் தோட்ட நிருவாகத்தின் பொறுப்பில் விடப்பட்டிருந்தன; பெண்பிள்ளைகள் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளவோ கொழுந்து பறிக்கவோ அவற்றைவிட்டு முதலில் நீங்கினர். 1970களின் முற்பகுதியில் உணவுத் தட்டுப்பாடு வந்தபோது, பயிரிட நிலமோ முறையிட வாக்கோ இல்லாத தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நேர்ந்தன. ஆயிரம் பிறப்புகளுக்கு நூற்றுக்கும் மேற்பட்ட குழந்தைகள் ஓராண்டு நிரம்புமுன் இறந்தனர். நாட்டின் சராசரி அதில் பாதியளவே இருந்தது. ஒரே தீவில், ஒரே அரசின்கீழ் இருந்த இந்த இடைவெளிக்கு வறுமை ஒரு காரணமே. தாயின் படிப்பும் நேரமும் குரலும் மறுக்கப்பட்டமை அதற்கு இணையான மற்றொரு காரணம்.

சமக் கூலி

1972, 1975 ஆகிய ஆண்டுகளின் நிலச்சீர்திருத்தச் சட்டங்களால் பெருந்தோட்டங்கள் அரசுடைமையான பின்னும், ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு ஒரு கூலி என்ற முறை தொடர்ந்தது. 1984ஆம் ஆண்டு ஏப்ரலில் தோட்டத் தொழிற்சங்கங்கள் நடத்திய பெரும் வேலைநிறுத்தத்தின் முடிவிலேயே ஆண், பெண் இருபாலாருக்கும் ஒரே நாட்கூலி என்பது ஏற்கப்பட்டது. சம மதிப்புள்ள வேலைக்குச் சமக் கூலி என்னும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 100ஆம் இலக்கச் சமவாயத்தை இலங்கை அங்கீகரித்தது 1993இல். அதற்கு ஒன்பது ஆண்டுகள் முன்பே, நாட்டில் மிகத் தாழ்ந்த நிலையில் வைக்கப்பட்டிருந்த தொழிலாளர் அந்த நெறியைப் போராடி வென்றிருந்தனர் என்பது குறிப்பிடத்தக்கது.

சமக் கூலியின் விளைவு பெண்ணோடு நிற்கவில்லை. மாதத்தில் அதிக நாட்கள் வேலை பெறுபவள் பெண் என்பதால், பல குடும்பங்களில் அவளே முதன்மையான வருமானம் ஈட்டுபவளானாள். ஞாயிற்றுக்கிழமைகளிலும் கொழுந்து மிகுந்த காலத்திலும் உடனுக்குடன் காசு பெற்றுப் பறிக்கும் கைக்காசு வேலை அதை மேலும் உயர்த்தியது. ஆனால் அவ்வருமானம் அவள் கைக்கு வந்ததா என்பது வேறு கேள்வி. சம்பள நாளில் மனைவியின் கூலியையும் மகளின் கூலியையும் ஆணே கையெழுத்திட்டுப் பெறும் வழக்கம் தோட்ட அலுவலகங்களில் நெடுங்காலம் அனுமதிக்கப்பட்டது; பெண் கொழுந்து நிறுத்துக்கொண்டிருக்கும் நேரத்தில் சம்பளம் வழங்கப்பட்டதும் அதற்கு வசதியாயிற்று. அப்பணத்தில் ஒரு பகுதி சாராயக் கடைக்கும் கடன்காரருக்கும் சென்றது. தாயின் கையில் சேரும் பணம் உணவுக்கும் பிள்ளைகளின் படிப்புக்குமே பெரும்பாலும் செலவாகும் என்பது பல நாடுகளின் ஆய்வுகளில் கண்ட பொதுமை. தோட்டங்களிலும் பெண் தன் சம்பளத்தைத் தானே பெற்று, சீட்டுப் போட்டுச் சேமித்த குடும்பங்களே பிள்ளைகளை மேல்வகுப்புக்கு அனுப்ப முடிந்தது. கூலியில் சமத்துவம் என்பது தொகையில் மட்டும் இல்லை, அத்தொகை யாருடைய கையில் விழுகிறது என்பதிலும் இருக்கிறது என்பதை இந்த அனுபவம் காட்டுகிறது.

பள்ளியும் பிள்ளைமடுவமும்

1970களின் பிற்பகுதியிலிருந்து தோட்டப் பள்ளிகள் படிப்படியாக அரசிடம் சேர்க்கப்பட்டன. சுவீடன், ஜெர்மனி ஆகிய நாடுகளின் உதவியோடு கட்டிடங்களும் ஆசிரியப் பயிற்சியும் பெருகின. கொட்டகலைக்கு அருகில் பத்தனையில் அமைந்த ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரி மலையக இளைஞரை ஆசிரியராக்கும் முதன்மை நிலையமாயிற்று. லயத்து அறையில் பிறந்து, கொழுந்து பறித்த தாயின் சம்பளத்தில் படித்த பெண்கள் அதே தோட்டங்களின் வகுப்பறைகளுக்கு ஆசிரியைகளாகத் திரும்பி வந்தது, அச்சமூகத்தின் வரலாற்றில் ஒரு திருப்பம். கூலி வேலைக்கு அப்பால் மலையகப் பெண்ணுக்குக் கணிசமான எண்ணிக்கையில் திறந்த முதல் வாசல் ஆசிரியத் தொழிலே. மகளைப் படிக்கவைத்தால் மாதச் சம்பளம் வரும் என்ற நம்பிக்கை பெற்றோரிடம் பிறந்ததும் அதனாலேயே. தோட்ட வாழ்க்கையைப் பெண்ணின் நோக்கிலிருந்து எழுதிய கோகிலம் சுப்பையாவின் தூரத்துப் பச்சை என்னும் நாவல் 1964இல் வெளிவந்தபோது அதைப் படிக்கக்கூடிய தோட்டத்துப் பெண்கள் மிகச் சிலரே. அடுத்த இரண்டு தலைமுறைகளில் மலையகப் பெண்கள் ஆசிரியைகளாகவும் எழுத்தாளர்களாகவும் சட்டத்தரணிகளாகவும் வளர்ந்தனர்.

பிள்ளைமடுவத்தின் மாற்றமும் அதே அளவு முக்கியமானது. தொட்டிலும் ஓர் ஆயம்மாவும் மட்டுமே இருந்த கொட்டகைகள், பயிற்சி பெற்றவர்கள் நடத்தும் சிறுவர் பராமரிப்பு நிலையங்களாக மாறத் தொடங்கின. மருத்துவிச்சியின் வருகையும் வைத்தியசாலைப் பிரசவமும் தடுப்பூசியும் வழமையாயின. கல்வி பெற்ற தாய்மாரும், தாய்க்கு நேரம் கொடுத்த பராமரிப்பு நிலையமும், குடியுரிமையால் கிடைத்த அரச சுகாதாரச் சேவையும் சேர்ந்ததன் பலனாகத் தோட்டங்களின் குழந்தை இறப்பு அடுத்த இருபது ஆண்டுகளில் வெகுவாகக் குறைந்து, நாட்டின் சராசரிக்கும் அதற்கும் இருந்த இடைவெளி சுருங்கியது. இப்பயனை அனுபவித்தவர்களில் ஏறத்தாழப் பாதி ஆண்பிள்ளைகள் என்பதை, பெண்ணுரிமையைப் பெண்ணின் தனி நலமாகக் கருதுவோர் எண்ணிப் பார்க்க வேண்டும்.

சங்கமும் அதிகாரமும்

முன்னேற்றம் நின்றுபோன இடங்களையும் வரலாறு மறைக்கவில்லை. தொழிற்சங்கச் சந்தா நெடுங்காலம் ஒவ்வொரு மாதமும் சம்பளத்திலிருந்தே பிடிக்கப்பட்டு வந்தது. சந்தா செலுத்தியோரில் பெண்களே மிகுதி. ஆனால் தோட்டத் தலைவர் பதவி முதல் தோட்டங்களைப் பிற்காலத்தில் நடத்திய கம்பனிகளோடு கொழும்பில் கூட்டு ஒப்பந்தம் பேசும் மேசை வரை ஆண்களே இருந்தனர். பெண்களுக்கு மாதர் பிரிவும் மாதர் தலைவி என்ற பெயரும் ஒதுக்கப்பட்டன. ஆகவே பேச்சுவார்த்தைகளில் நாட்கூலியின் தொகை பெரிதாகப் பேசப்பட்டதே தவிர, அன்றாடம் பறிக்க வேண்டிய கிலோ அளவு, நிறுவைக் கழிவு, மலையில் மலசலகூடம் இல்லாமை, மேற்பார்வையாளரின் இழிசொல் ஆகிய பெண்களின் குறைகள் பின்தள்ளப்பட்டன. நாட்கூலி 2021இல் 1,000 ரூபாயாகவும் 2024இல் 1,350 ரூபாயாகவும் உயர்ந்தபோதும், பறிக்கும் அளவைக் கூட்டுவதன் மூலமும் அரைப்பேர் போடுவதன் மூலமும் அந்த உயர்வின் ஒரு பகுதி திரும்பப் பெறப்படுகிறது என்ற குற்றச்சாட்டு தொடர்கிறது. செங்கொடிச் சங்கத்தின் பொதுச் செயலாளராக மேனகா கந்தசாமி பொறுப்பேற்றது போன்ற நிகழ்வுகள் விதிவிலக்குகளாகவே இருந்தன.

கடலுக்கு அப்பால் ஓர் ஒப்புமை உண்டு. கேரளத்தின் மூணாறில், பெரும்பாலும் தமிழ்நாட்டிலிருந்து குடியேறிய தலித் குடும்பங்களைச் சேர்ந்த தேயிலைத் தொழிலாளப் பெண்கள் 2015 செப்டம்பரில் பெம்பிளை ஒருமை என்ற பெயரில் திரண்டு, இருபது சதவீத போனஸ் கோரிச் சாலையை மறித்து அமர்ந்தனர். தங்கள் சந்தாவில் வளர்ந்த ஆண் தலைவர்களைப் போராட்டக் களத்துக்குள் அவர்கள் அனுமதிக்கவில்லை. ஒன்பது நாட்களில் கம்பனி இறங்கிவந்தது. அந்த வெற்றியின் பயனைத் தோட்டத்தின் ஆண் தொழிலாளரும் பெற்றனர். பேசும் மேசையில் பெண் அமர்ந்தால் தொழிலாளர் அனைவரின் பேரவலிமையும் கூடும் என்பதற்கு அது நல்ல எடுத்துக்காட்டு.

இந்தப் பாடத்தைக் கற்கத் தவறியதன் விலையைத் தேயிலைத் தொழிலே இன்று செலுத்துகிறது. படித்த இளம்பெண்கள் கூடை சுமக்க மறுத்து, கொழும்பின் கடைகளுக்கும் ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் மத்திய கிழக்கின் வீட்டு வேலைகளுக்கும் செல்கின்றனர். மலைகளில் பறிப்பதற்கு ஆளில்லாமல் தேயிலை காடாகும் தோட்டங்கள் பெருகுகின்றன. அவர்கள் வெறுப்பது உழைப்பை அன்று. அவ்வுழைப்போடு பிணைக்கப்பட்ட இழிவையும், மேற்பதவிக்கு வழியின்மையையும், தமக்கென்று ஓர் அங்குல நிலமும் இல்லாத லயத்து வாழ்க்கையையுமே. கொழுந்து பறித்த கை கங்காணியாகவும், வெளிக்கள உத்தியோகத்தராகவும், தோட்ட முகாமையாளராகவும் உயரக்கூடிய தொழிலாகத் தேயிலை அமைந்திருந்தால் இந்த வெளியேற்றம் இவ்வளவு வேகமாக நடந்திராது.

ஆகவே மலையகத்தின் அனுபவத்திலிருந்து கிடைக்கும் தீர்ப்பு ஐயத்துக்கு இடமற்றது. பெண்ணின் தாழ்வைக் கொண்டு இலாபம் ஈட்டிய அமைப்பு, சமூகத்தின் பிள்ளைகளையும் கல்வியையும் இறுதியில் தன் தொழிலாளரையுமே இழந்தது; பெண் பெற்ற வாக்கும் சமக் கூலியும் படிப்பும் அவற்றை ஒவ்வொன்றாக மீட்டுத் தந்தன. எஞ்சியுள்ள பணிகள் மூன்று: புதிய வீடுகளின் காணி உறுதிகளில் மனைவியின் பெயரும் கணவனின் பெயரோடு பதியப்பட வேண்டும், கூலியும் பறிக்கும் அளவும் பேசப்படும் மேசையில் கொழுந்து பறிப்போரே அமர வேண்டும், தோட்ட மேற்பார்வைப் பதவிகள் பெண்களுக்குத் திறக்கப்பட வேண்டும். இவற்றை நன்கொடையாகக் கருதித் தள்ளிப்போடுவோர், தள்ளிப்போட்டதன் கணக்கையும் அறிந்திருப்பது நன்று: தோட்டத்துப் பெண்ணுக்கு வாக்குரிமை வழங்கிய 1931ஆம் ஆண்டுக்கும், நுவரெலியாவிலிருந்து கிருஷ்ணன் கலைச்செல்வியும் பதுளையிலிருந்து அம்பிகா சாமுவேலும் மலையகத் தமிழ்ப் பெண்களில் முதன்முறையாக மக்கள் வாக்கால் பாராளுமன்றம் சென்ற 2024ஆம் ஆண்டுக்கும் இடையே 93 ஆண்டுகள் கடந்துவிட்டன.